சரக்குப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும்?

ஏரியூர் வட்டார வணிகர்களுக்கு மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் ஒரு தடையும் ஆகும், ஒரு பாதையும் ஆகும். 1934-ல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. நாகமரை, ஒட்டனூர் துறைகளிலிருந்து அக்கரையிலுள்ள பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் ஆட்களும் சரக்கும் படகில் செல்வது நெடுநாள் வழக்கம். சாலை வழியாகச் சுற்றிப் போவதைவிட நேரமும் வண்டிச் சத்தமும் மிச்சம் என்பதே காரணம்.

படகு வாங்குவோரிடமும் வாடகைக்கு அமர்த்துவோரிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மோட்டார் பெரிதானால் படகு வேகமாகப் போகும், சரக்கும் அதிகம் ஏற்றலாம் என்பதே அது. உண்மையில் படகின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நீளம். சுமையைத் தீர்மானிப்பது அதன் உடல். மோட்டார் இவ்விரண்டுக்கும் அடங்கி நடக்க வேண்டிய வேலையாள்தான்.

நீளமும் வேகமும்

சரக்கு ஏற்றும் சாதாரணப் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் முன்னேறுகிறது. அப்போது முன்புறம் ஓர் அலை எழுகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்வதுபோல் ஆகிவிடும். அதற்குமேல் எவ்வளவு எண்ணெய் எரித்தாலும் வேகம் கூடுவது மிகச் சொற்பம்.

இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. தண்ணீரைத் தொடும் பாகத்தின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை இரண்டரையால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். 16 அடிப் படகுக்கு 4 x 2½ = 10 கிலோமீட்டர். 25 அடிப் படகுக்கு 5 x 2½ = 12½ கிலோமீட்டர்.

இந்த எல்லையை நெருங்காமல் ஓட்டுவதே சிக்கனம். ஏனெனில் வேகத்தை இரட்டித்தால் தேவைப்படும் சக்தி இரட்டிப்பதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. மாறாக, மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் படகை 8 கிலோமீட்டருக்குக் குறைத்தால் மோட்டாருக்குப் பாதி சக்தியே போதும். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏழரை நிமிடம் தாமதமாகும். ஆனால் அந்த ஒரு நடைக்கு ஆகும் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். மாதக் கணக்கில் பார்த்தால் இது சிறு தொகையல்ல.

எடையும் குதிரைத்திறனும்

இத்தகைய படகுக்கு மொத்த எடையில் டன்னுக்கு 3 முதல் 5 குதிரைத்திறன் போதும் என்பது பொதுவான விதி. 25 அடிப் படகு ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

படகும் மோட்டாரும்: 700 கிலோ.
25 கிலோ அரிசி மூட்டை 40: 1,000 கிலோ.
ஆட்கள் நான்கு பேர்: சுமார் 260 கிலோ.
மொத்தம்: 1,960 கிலோ, அதாவது ஏறத்தாழ 2 டன்.

ஆக 6 முதல் 10 குதிரைத்திறன் வரை தேவை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நீர்த்தேக்கத்தின் நடுவில் எதிர்க்காற்றைச் சமாளிக்கவும் சற்றுக் கையிருப்பு வேண்டும். எனவே 10 குதிரைத்திறனை வைத்துக்கொள்வது நல்லது. இதே படகில் 40 குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தினால் செலவுதான் கூடும். தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் படகு வேறு இனம். அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். 20, 25 கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் வீதம் தேவை. 2 டன்னுக்கு அது 80-ஐத் தாண்டும். மளிகைச் சரக்குக்கு அது கட்டுபடியாகாது.

மோட்டார் பெரிதானால் வரும் ஆபத்து

40 குதிரைத்திறன் வெளிமோட்டாரின் எடையே 70 கிலோவுக்கு மேல். மூன்று அரிசி மூட்டைகளைப் படகின் பின்பலகையில் நிரந்தரமாகத் தொங்கவிட்டதற்குச் சமம். பின்புறம் தாழும், திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் அலை உள்ளே புகும், சட்டென்று திருப்பினால் படகு சாயும்.

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்வோர் சிறு தட்டைப் படகுகளில் பெரிய மோட்டார்களைப் பொருத்தி ஓட்டுவது வழக்கம். அங்கு 1972 முதல், 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் உச்ச குதிரைத்திறனையும் சுமையையும் எழுதிய தகடு ஒட்டப்பட வேண்டும். தகடு இல்லாத படகுக்கு ஒரு கைக்கணக்கும் உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்பது வரும். 16 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 5 பேர். சரக்கானால் 25 கிலோ மூட்டை 13. ஆளும் சரக்கும் சேர்ந்து ஏறினால் இரண்டையும் ஒரே கணக்கில்தான் கழிக்க வேண்டும். இதுவும் அமைதியான தண்ணீருக்குத்தான்.

நம் மாநிலத்திலேயே 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். சுமைக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

1. வாடகை பேசும்போது மோட்டாரின் குதிரைத்திறனை மட்டும் கேட்காமல், படகின் நீளம், அகலத்தையும் கேளுங்கள்.

2. கனமான மூட்டைகளை நடுவிலும் அடியிலும் வையுங்கள். மோட்டார் பக்கம் குவிக்காதீர்கள்.

3. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது நாம் அறிந்ததே. அதற்குச் சற்று முன்பு அவை தண்ணீருக்குள் மறைந்து நிற்கும். மோட்டாரின் விசிறி இப்படிப்பட்ட கல்லில் பட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு.

4. பழைய 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. எந்திரத்தால் இயங்கும் கலத்துக்குப் பதிவும் தகுதி ஆய்வும் தேவை. சரக்கை ஏற்றுமுன் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

தராசில் எடை போடும்போது நாம் தட்டின் அளவு பார்த்துத்தான் படிக்கல் வைக்கிறோம். படகுக்கு மோட்டார் வைப்பதிலும் அதே கணக்கைப் பின்பற்றினால் எண்ணெய்ச் செலவு குறையும். சரக்கும் நனையாமல் கடை வந்து சேரும். உடன் சென்ற ஆளும் நலமாக வீடு திரும்புவார்.