மூக்கு சொல்லும் தீர்ப்பு!

நீண்ட மண்டபம் ஒன்று. அதில் பன்றித் தொடைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஒருவர் வருகிறார். கையில் ஓர் ஊசி. தொடையில் அதைக் குத்துகிறார். உடனே உருவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். ஒரு தடவை அல்ல, ஐந்து இடங்களில்!

அவர் தலையை அசைத்தால் இறைச்சிக்குக் கிரீட முத்திரை கிடைக்கும். முகத்தைச் சுளித்தால், ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது வீண்!

இது நடப்பது இத்தாலி நாட்டில். பார்மா நகரத்தை அடுத்த மலைப்பகுதியில். அங்கே தயாராகும் "பார்மா ஹாம்" உலகப் புகழ் பெற்றது. அதை இத்தாலியர் "புரோஷூட்டோ" என்று அழைக்கிறார்கள்.

உப்பும் காற்றும்

இதில் சேரும் சரக்கு என்ன? பன்றித் தொடை, உப்பு. அவ்வளவுதான்! வேறு எந்த ரசாயனமும் கிடையாது.

தோல் உள்ள பக்கத்தில் ஈர உப்பு. சதைப் பக்கத்தில் உலர்ந்த உப்பு. சில வாரங்கள் குளிர் அறையில் வைக்கிறார்கள். உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. உப்பு கூடினால் கரிக்கும், குறைந்தால் கெட்டுவிடும். எனவே, உப்புத் தடவுவது கைதேர்ந்தவர்களின் வேலை.

பிறகு கழுவி, காற்றோட்டமான கூடத்தில் தொங்கவிடுகிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் வற்றுகிறது. எடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அடுப்பில் ஏற்றாமலே இறைச்சி பக்குவம் அடைந்துவிடுகிறது!

ஊசியின் ரகசியம்

முகரும் ஊசி இரும்பு அல்ல. குதிரையின் எலும்பு! அதில் நுண்ணிய துளைகள் உண்டு. வாசனையைச் சட்டென்று பிடிக்கும்; சட்டென்று விட்டுவிடும். ஒரு குத்தின் வாசனை அடுத்த குத்தில் கலப்பது இல்லை. இந்தக் காலத்திலும் மூக்கைத்தான் நம்புகிறார்கள்!

எப்படிச் சாப்பிடுவது?

இதைச் சமைக்க வேண்டாம். காகிதம்போல மெல்லிசாகச் சீவ வேண்டும். ஓரத்தில் இருக்கும் வெள்ளைக் கொழுப்பை வெட்டி எறியக் கூடாது. இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. முலாம்பழத் துண்டின் மீது சுற்றிச் சாப்பிடுவது இத்தாலியர் வழக்கம். பழத்தின் தித்திப்பும் இறைச்சியின் உப்பும் சேரும்போது, தனிச் சுவை!

அளவு முக்கியம்

ஆனால், ஓர் எச்சரிக்கை. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுமாம்.

அப்படியானால் என்ன செய்வது? என்றோ ஒருநாள், இரண்டே துண்டு. வாயில் போட்டதும் விழுங்காமல், மெதுவாக மென்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் காத்திருந்து செய்த பண்டம் அது. சாப்பிடுகிறவர் ஒரு நிமிடம் பொறுக்கக் கூடாதா?