தாதியர் பட்டம்: செலவைச் சுமப்பது யார்?

கிளிவெட்டியில் பெரும்போக அறுவடை முடிந்த ஒரு மாலை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பாதர், மகள் உயர்தரத்தில உயிரியல் படிக்கிறாள். தாதியாக வர ஆசை. மூண்டு வருசப் பயிற்சிக்கு விடுறதா, நாலு வருசப் பட்டத்துக்கு விடுறதா? எங்களால எதைத் தாங்க ஏலும்?"

2006 இல் சம்பூரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் ஆண்டுகளைக் கழித்து, 2015, 2016 இல் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்பே சொந்த மண்ணை மிதித்த குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அந்தத் தாயின் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் உரியது.

இரண்டு வழிகள்

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. படிப்பு மூன்று ஆண்டுகள். பயிலும்போதே மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். விடுதிகளில் நோயாளரைப் பராமரித்தே மாணவர் தொழிலைப் பழகுகின்றனர்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். கிழக்குப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இதை வழங்குகின்றன. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனாகக் கட்டணம் இல்லை. தகுதியுடையோருக்கு மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். ஆனால் அது போதாதபோது சாப்பாடு, பஸ் கூலி, புத்தகம் யாவும் வீட்டின் தலையில் விழுகின்றன. அதாவது, பயிற்சிக் கல்லூரியில் அரசு சுமக்கும் செலவில் ஒரு பங்கு, பட்டப்படிப்பில் குடும்பத்தின் அடுப்படிக்கு இடம் மாறுகிறது.

அப்படியானால் பட்டம் வேண்டாமா?

அப்படி நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினர், பட்டதாரித் தாதியர் அதிகமுள்ள இடங்களில் சத்திரசிகிச்சை நோயாளரின் மரணம் குறைவாக இருந்ததை 2003 இல் வெளியிட்டனர். இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946 இலேயே தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

பட்டத்தை எங்கே, யார் செலவில் கொடுப்பது என்பதே வழக்கு. அமெரிக்காவில் வீட்டுக்கு அண்மையில், குறைந்த கட்டணத்தில் ஈராண்டுக் கல்வி தரும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. அவையும் தாதியர் பட்டம் வழங்கலாமா என்று நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கான சட்டமூலம் 2024 இல் சட்டசபையில் நிறைவேறியும் ஆளுநர் ஒப்பமிட மறுத்தார். ஆதரிப்போர், "கட்டடமும் ஆசிரியரும் ஏற்கனவே உண்டு, பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்கின்றனர். எதிர்ப்போர், "பல்கலைக்கழகம் செய்வதையே இன்னொரு இடத்திலும் செய்வதற்குப் பொதுப்பணம் இருமுறை செலவாகும், பயிற்சிக்கு மருத்துவமனை இடங்களும் போதா" என்கின்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அரசின் கணக்கேட்டில் மட்டும் செலவைப் பார்ப்பவர்கள், தாய் விற்ற பசுவையும் அடகு வைத்த சங்கிலியையும் எண்ணுவதில்லை.

எமது கருத்து

மூன்றாண்டுப் பயிற்சியின் கதவை மூடக்கூடாது. ஏழைப் பிள்ளை உழைத்துக்கொண்டே படிக்கும் கதவு அது. பட்டம் அதன் மேல் வைக்கும் அடுத்த படியாகட்டும். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல், பணியிலுள்ள தாதியருக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கி இவ்வழியைக் காட்டியது. அங்கு கட்டணம் உண்டு; அதையும் அரசு தாங்கினால், பட்டதாரித் தாதி நாட்டுக்கும் குடும்பத்துக்கும் குறைந்த செலவில் கிடைப்பார்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தைகள். தனியார் நிலையம் எதிலும் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழுக்கு இலங்கைத் தாதியர் சபையில் தாதியாகப் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையேல் பணத்தைக் கட்டாதீர்கள். அடுத்து, இரு வழிக்கும் உயர்தர விஞ்ஞானமே வாசல். உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா? இல்லையேல் பெற்றோர் ஒன்றுகூடி, வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அல்லைத் திட்டத்தில் வயல் செய்யும் உங்களுக்கு இது தெரிந்ததே. தலைமதகை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும், கிளை வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது. அந்த வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலையை நாம் சேர்ந்தே தொடங்குவோம்.