வைரஸ் உறைப்புரதத்தைக் கண்டறியும் எதிர்ப்பொருள்கள்

மரபணு சிகிச்சையில், நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட வைரஸே மரபணுவைச் சுமக்கும் வாகனம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐவரின் குருத்தணுக்களில் லென்டிவைரஸ் வழியே மரபணு சேர்க்கப்பட்டது. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

எச்.ஐ.வி.யிலிருந்து உருவாக்கப்படும் லென்டிவைரஸின் உட்கூடு பி24 என்னும் புரதத்தால் ஆனது. எலைசா தட்டில் பூசிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். நொதி இணைந்த இரண்டாவது எதிர்ப்பொருள் நிறம் தோன்றச் செய்யும். நிறம் அடர்ந்தால் புரதம் மிகுதி. இங்கேதான் கவனம் தேவை: கூடாகச் சேராமல் மிதக்கும் பி24-உம், மரபணு இல்லாத வெற்றுக்கூடும் இக்கணக்கில் அடங்கிவிடும். இதை மட்டும் நம்பினால் சிகிச்சையில் போதிய மரபணு சேராமல் போகலாம். எனவே உயிரணுக்களுக்குள் சேர்ந்த மரபணுப் படிகளைத் தனியே எண்ணுகிறார்கள்.

அடினோ சார் வைரஸுக்குரிய ஏ20 எதிர்ப்பொருள் முழுதாகச் சேர்ந்த கூட்டை மட்டுமே பற்றும். ஆனாலும் உள்ளே மரபணு உண்டா என்பதை அதுவும் காட்டாது.