பலகை ஏன் திருப்பித் தாக்குகிறது?

மேசை ரம்பத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றும் பயம் ஒன்றுதான்: விரல் போய்விடும். பயம் நியாயமானது. ஆனால், விரல் எப்படி ரம்பத்தில் சிக்குகிறது என்று கேட்டால், “கவனக்குறைவு” என்று சொல்லிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். மரவேலை பயிலும் மாணவர்களுக்கு அந்தப் பதில் போதாது. பல நேரங்களில் கையை ரம்பத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பலகைதான்.

10 அங்குல ரம்பத் தகடு நிமிடத்துக்குச் சுமார் 4,000 முறை சுழல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் விளிம்பிலுள்ள பல் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்கிப் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. அதனால் முன்பக்கம் சாதுவாகத் தெரியும். பின்பக்கப் பற்களோ மேசைக்கு அடியிலிருந்து மேலெழுகின்றன. அறுத்த பிளவு மூடிக்கொண்டாலோ, பலகை சற்றுக் கோணினாலோ, அந்தப் பற்கள் அதைத் தூக்கி, நிற்பவரை நோக்கி வீசிவிடும். இதைத்தான் ‘கிக்பேக்’ என்கிறார்கள். பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து தகட்டின் மேல் விழுவதும் அந்த நொடியில்தான்.

மலேசியப் பட்டறைகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூவாரில் தயாராகும் மேசை நாற்காலிகள் பலவும் ரப்பர் மரத்தால் ஆனவை. நம் தாத்தா பாட்டிகள் தோட்டங்களில் சீவிய அதே பால்மரம்தான். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்பட்டு, ஒரு காலத்தில் விறகாகிப் போனது. இன்று ஏற்றுமதிச் சரக்கு. இந்த மரம் வளரும்போதே அதனுள் இழுவிசை தேங்கிவிடுகிறது. நீளவாக்கில் அறுக்கும்போது அது விடுபட்டுப் பலகை வளையும், சில நேரம் பிளவும் இறுகும். எவ்வளவு நேராகத் தள்ளினாலும் இது நடக்கலாம்.

தகட்டுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சிறு உலோகத் தகடு இதற்காகவே இருக்கிறது. பெயர் ‘ரைவிங் நைஃப்’. பெயரில்தான் கத்தி, எதையும் வெட்டாது. பிளவுக்குள் நின்று, அது மூடாமல் பார்த்துக்கொள்ளும். ரம்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மேலுள்ள மூடியைச் சில வேலைகளுக்குக் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால், கூடவே இதையும் கழற்றி வைப்பது எனக்குப் புரியாத பழக்கம். பலகையை முழுவதுமாக அறுக்கும் எந்த வேலைக்கும் இது தடையில்லை.

மற்றவை சுலபம். தகடு பலகைக்கு மேல் ஒரு பல்லளவு தெரிந்தால் போதும். தகட்டுக்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். குறுகிய துண்டென்றால் கைக்குப் பதில் தள்ளுகோல். அறுபட்ட துண்டை எடுக்க, தகடு முற்றிலும் நிற்கும்வரை காத்திருங்கள். கையுறை வேண்டாம், பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கும், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றுக்கும், அவிழ்ந்த கூந்தலுக்கும் அதே கதிதான்.

“விரல் பட்டால் தானே நிற்கும் ரம்பம் வந்துவிட்டதே” என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் 1999இல் உருவாக்கிய ‘சாஸ்டாப்’ அத்தகையது. உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து, தோல் பட்டதும் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து தகட்டை 5 மில்லி வினாடிக்குள் நிறுத்திவிடும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குத் தோலைத்தான் தெரியும், பறந்து வரும் பலகையைத் தெரியாது. அந்த ரம்பத்திலும் ரைவிங் நைஃப் பொருத்தித்தான் விற்கிறார்கள்.

உங்கள் பட்டறை ரம்பத்தில் அது இல்லையென்றால், விசையைத் தொடுமுன் பயிற்றுநரிடம் கேளுங்கள். பக்கத்து இழுப்பறையில்தான் கிடக்கும்.