நட்சத்திரம் தெரியாத பிள்ளைகள்

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கியிருக்கிறது அந்தச் சிற்றூர். ஊர் நடுவே ஒரு முருகன் கோயில். பெரிய கோபுரம் இல்லை. கல் மண்டபமும் ஒரு வேப்பமரமும் மட்டுமே. வெள்ளிக்கிழமை மாலையில் அர்ச்சனைத் தட்டுகள் வரிசையாக வரும். குருக்கள் ஒவ்வொருவரிடமும் கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெயர் ஆகியவற்றைக் கேட்டுச் சங்கல்பம் செய்வார். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று அவரே சேர்த்துக்கொள்வார். கடைசியாக வரும் தட்டுக்கு மட்டும் அவர் எதையும் கேட்பதில்லை.

அந்தத் தட்டைக் கொண்டு வருபவர் அறுபது வயதைத் தொட்ட ஒரு தாய். அருகில் நிற்பவர் அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஊர் அவரைப் ‘போஸ்ட் மாஸ்டர் ஐயா’ என்றே அழைக்கிறது. பெயரும் ஊரும் அச்சில் வரக்கூடாது என்பது இருவரும் விதித்த ஒரே நிபந்தனை.

வேலூர் வட்டாரத்திற்கும் ராணுவத்திற்கும் உள்ள உறவு தலைமுறைகள் கடந்தது. தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று பேரும் சீருடை அணிந்த வீடுகள் இங்கே அபூர்வமல்ல. சற்றுத் தெற்கே செங்கம் பக்கம் போனால், போரில் விழுந்த வீரர்களுக்குப் பழங்காலத்தார் நட்ட நடுகற்களை இன்றும் காணலாம். அப்படிப்பட்ட மண்ணில், எல்லையில் இருக்கும் பிள்ளைக்காகக் கோயிலில் விளக்கேற்றும் தாய்மார்கள் இருப்பது வியப்பில்லை. தேவசேனாபதி என்று பெயர் கொண்டவனிடம் அல்லாமல் வேறு யாரிடம் அவர்கள் முறையிடுவார்கள்? தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று கேட்கும் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை, பொருளுணர்ந்து படிக்கும் வீடுகள் இவை.

போஸ்ட் மாஸ்டர் ஐயாவுக்குச் சிறுவயது முதல் அஞ்சல்தலை சேகரிப்பில் ஈடுபாடு. பணியில் இருந்தபோது அந்த ஈடுபாடு ராணுவ உறைகளின் பக்கம் திரும்பியது. காரணம் எளிது. சாதாரணக் கடிதத்தின் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும். போர்முனை அஞ்சலகத்தின் முத்திரையில் ஓர் எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும். கடிதம் லடாக்கிலிருந்து வந்ததா, ராஜஸ்தான் மணலிலிருந்து வந்ததா என்பதை உறை சொல்லாது. வீரருக்கு எழுதும் முகவரியும் அப்படித்தான். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்பதோடு முடிந்துவிடும். முந்தையது டெல்லி வழியாகவும் பிந்தையது கொல்கத்தா வழியாகவும் பிரிக்கப்பட்டுப் போகும். எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று பெற்றவளுக்கும் தெரியாது. 1972 மார்ச் 1 அன்று தனிப் படைப்பிரிவாக உருவான ராணுவ அஞ்சல் துறைக்கு அது தெரியும், அது போதும்.

ஓய்வுக்குப் பிறகு, ஞாயிறு காலைகளில் இந்தக் கோயிலின் உழவாரப் பணிக் குழுவில் அவர் சேர்ந்தார். பிராகாரத்துப் புல்லைச் செதுக்குவார்; எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைத் துலக்குவார். ஒருநாள் பணி முடிந்து வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தபோது, ஒரு பெண்மணி திரும்பி வந்துவிட்ட பார்சல் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். மகன் தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்ன இடத்தின் பெயரை முகவரியில் எழுதி, குறியீட்டு எண்ணை விட்டுவிட்டிருந்தார்கள். ராணுவ அஞ்சலின் குறியீட்டு எண் 9 என்னும் இலக்கத்தில் தொடங்கும் என்பதையும், இடத்தின் பெயரை எழுதவே கூடாது என்பதையும் அவர் விளக்கி, வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் அந்த மரத்தடித் தொண்டு. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயை அனுப்பினால் அது மற்றவர் கடிதங்களையும் பாழாக்கும் என்று அன்போடு மறுப்பார். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, முறுக்கு, கடலை உருண்டை போன்றவற்றுக்குத் தடையில்லை. கோயில் விபூதியை எப்படி மடித்தால் சிந்தாது என்பதற்கு அவரிடம் தனி முறை உண்டு. துணியால் போர்த்தி ஓரம் தைத்த பிறகு, மை அழியாத பேனாவால் முகவரி எழுதுவார். கூலி எதுவும் வாங்குவதில்லை. ‘பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தால் உறையை மட்டும் எனக்குக் கொடுங்கள்’ என்பார். 1949 முதல் டிசம்பர் 7 அன்று நாடெங்கும் கொடி நாள் கொண்டாடப்படுகிறது. அன்று சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திக்கொண்டு கடமை முடிந்ததாக எண்ணுவோர் நம்மில் பலர். ஆண்டின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளையும் கொடுப்பது சற்றே கடினமான காரியம்.

இனி அந்தத் தாயைப் பற்றி.

கணவரை இளமையில் இழந்தவர். நிலக்கடலை நிலத்தில் கூலி வேலை செய்து வளர்த்த ஒரே மகன் ராணுவத்தில் சேர்ந்தான். வெள்ளிதோறும் ‘சிவ கோத்திரம், கார்த்திகை நட்சத்திரம், ரிஷப ராசி’ என்று அவன் பெயருக்கு அர்ச்சனை. குருக்கள் கேட்கும் முன்பே ஒப்பிப்பார். மாதம் ஒரு பார்சல். அதில் பருப்புப் பொடி கட்டாயம் இருக்கும்.

ஒரு பனிக்காலத்தில், வடக்கு எல்லையில் ஏற்பட்ட பனிச்சரிவில் அந்த மகன் இறந்தான். மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்தது. சுற்று வட்டார ஊர்கள் அனைத்தும் திரண்டு வந்து நின்றன. பிறகு, எல்லா ஊரும் செய்வதைப் போல, அவரவர் வேலைக்குத் திரும்பின.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த சில நாட்களில், அவர் கடைசியாக அனுப்பிய பார்சல் திரும்பி வந்தது. பிரிக்கப்படாத துணி, போஸ்ட் மாஸ்டர் ஐயாவின் கையெழுத்து, அதன்மேல் போர்முனை அஞ்சலக முத்திரை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மரத்தடிக்கு வந்தபோது, தையல் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது. யாரிடமும் உறை கேட்கத் தயங்காத முதியவர் அன்று தலையை நிமிர்த்தவில்லை.

“ஐயா, இதை அங்கேயே திருப்பி அனுப்பிடுங்க. அவன்கூட இருந்த பிள்ளைங்க சாப்பிடட்டும். பொடி இன்னும் கெடலை” என்றார் அந்தத் தாய்.

படைப்பிரிவின் அதிகாரிக்கு என்று முகவரியை மாற்றி எழுதி, மறுநாளே அவர் அனுப்பி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போலத் தேங்காய் பழத்துடன் அந்தத் தாய் சந்நிதிக்கு வந்தார். தட்டை வாங்கிய குருக்களுக்கு நாக்கு எழவில்லை. காலமானவர் பெயருக்கு அர்ச்சனை செய்யும் மரபு இல்லை. அவர்களுக்கு உரியவை திதியும் தர்ப்பணமும் மோட்ச தீபமும். அதை எப்படி அவரிடம் சொல்வது? அவரே பேசினார். “அவன் பேருக்கு இல்லை சாமி. அங்கே இருக்கிற பிள்ளைங்க பேருக்கு.”

“பெயர் சொல்லுங்கம்மா.”

“தெரியாதுங்க சாமி. நட்சத்திரமும் தெரியாது.”

வரிசையில் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர், தீங்கு நினைக்காமல்தான், பெயரும் நட்சத்திரமும் இல்லாமல் சங்கல்பம் எப்படிச் சேரும், முகவரி இல்லாத கடிதம் போய்ச் சேருமா என்று கேட்டுவிட்டார். பின்னால் நின்றிருந்த போஸ்ட் மாஸ்டர் ஐயா, “ஊர்ப் பெயர் இல்லாமல்தான் முப்பது வருஷம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூடத் தவறியதில்லை” என்றார். குருக்கள் சற்று யோசித்துவிட்டு, நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் சுவாமி பெயருக்கே சங்கல்பம் செய்து, எல்லையில் இருக்கும் பிள்ளைகளின் நலனுக்கு என்று சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அதுவே கடைசி அர்ச்சனை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய்க்கு இந்தியில் ஒரு கடிதம் வந்தது. ஊரிலிருந்த முன்னாள் ஹவில்தார் ஒருவர் படித்துச் சொன்னார். பொடியை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டதாகவும், அதை எதனுடன் சாப்பிடுவது என்று முதலில் தெரியாமல் ரொட்டியில் தூவிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்கள். மகன் இறந்தபின் அந்தத் தாய் சிரித்தது அன்றுதான் என்கிறார் ஹவில்தாரின் மனைவி. கடிதம் இப்போது பூஜை அலமாரியில் முருகன் படத்தின் பின்னால் இருக்கிறது. உறையை அவரே போஸ்ட் மாஸ்டர் ஐயாவிடம் நீட்டினார். வாங்க மாட்டேன் என்று இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்சல் தைப்பவர் இப்போது அந்தத் தாய்தான். முதியவருக்குக் கண் மங்கிவிட்டதால் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. முகவரி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார். மாதம் ஒருமுறை போகும் பருப்புப் பொடியுடன், அரிசிச் சோறும் நெய்யும் கிடைத்தால் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று இந்தியில் எழுதிய ஒரு சீட்டும் தவறாமல் போகிறது.