கேட்டரிங் படிக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வருமா?

"பையன் கேட்டரிங் படிக்கிறான்" என்று சொல்லப் பெற்றோர் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. சமையலுக்கு ஒரு பட்டமா என்று ஊரில் கேட்பார்கள். இன்று அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. தில்லி பூசாவிலும், மும்பை தாதரிலும், சென்னை தரமணியிலும் உள்ள ஹோட்டல் நிர்வாகக் கல்லூரிகளில் இடம் பிடிக்க நம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். தாதர் கல்லூரி 1954-லேயே தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளுக்கான தேசியக் கவுன்சில் 1982-ல் அமைந்தது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பயிற்சிக்குப் போன ஹோட்டலில், "இந்த விருந்தினருக்கு ஒரு பதில் எழுதிக் கொண்டு வா" என்று மேலாளர் சொன்னால் பலருக்குக் கை ஓடுவதில்லை. தபாலில் போவது குறைந்து மின்னஞ்சல் வந்துவிட்டாலும் கடிதத்தின் முறை மாறவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது கோப்பில் நிற்கும். அதை வைத்துத்தான் பின்னால் பணமும் கேட்பார்கள், விளக்கமும் கேட்பார்கள்.

அப்பாவின் ஆங்கிலம்

தில்லித் தமிழர் குடும்பங்களில் முந்தைய தலைமுறையினர் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று மத்திய அரசு அலுவலகங்களில் சேர்ந்தவர்கள். டிராஃப்ட் எழுதுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனவே பிள்ளை கேட்டால் அப்பாவோ தாத்தாவோ உடனே எழுதிக் கொடுத்து விடுவார்கள். அங்கேதான் ஒரு சிக்கல்.

"ஐ ஆம் டைரக்டட் டு சே" என்று அரசுக் கடிதம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அதிகாரி தம் சொந்தக் கருத்தை எழுதவில்லை, அரசின் முடிவைத் தெரிவிக்கிறார். அதையே ஹோட்டல் விருந்தினருக்கு எழுதினால் மிடுக்காகத் தோன்றும். "ஐ பெக் டு ஸ்டேட்", "டூ த நீட்ஃபுல்" போன்றவையும் அப்படியே. பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது "வித் டியூ ரெஸ்பெக்ட்" என்று நான்கு வரி பணிவு தேவையில்லை. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில் பயிற்சி வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் மகிழ்வார்.

ஆனால் அரசு அலுவலகத்தில் கற்ற ஒன்று இங்கே கைகொடுக்கும். சாதாரண அரசுக் கடிதம் "சார்" என்று தொடங்கி "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடியும். பெயர் சொல்லி எழுதும் டி.ஓ. கடிதம் "யுவர்ஸ் சின்சியர்லி" என்று முடியும். ஹோட்டலிலும் இதே கணக்குதான். பெயர் தெரியாதவருக்கு "டியர் சார் ஆர் மேடம்" என்றால் ஃபெய்த்ஃபுல்லி; "டியர் மிஸ்டர் மேத்தா" என்றால் சின்சியர்லி. இரண்டையும் கலந்து எழுதக் கூடாது.

பெயரும் தேதியும்

பெயர் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நம்மவர் பெயர்களில் இது அடிக்கடி நேர்கிறது. எஸ். குமார் என்பவரின் "எஸ்" அவர் தந்தை சுப்பிரமணியம். கணினியில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அதை விரித்து நிரப்பியிருந்தால், கடிதம் "டியர் மிஸ்டர் சுப்பிரமணியம்" என்று போய்விடும். அப்பாவைக் கூப்பிட்டு மகனுக்கு எழுதிய கதைதான்! விருந்தினர் எப்படிக் கையெழுத்திடுகிறார் என்று பார்த்து எழுதுவது நல்லது. பெண்மணிக்கு எழுதும்போது, அவரே வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, "மிஸ்" "மிஸஸ்" என்று ஊகிக்காமல் "மிஸ்." என்னும் பொதுச் சுருக்கத்தை, எம்.எஸ். என்ற எழுத்துகளால், எழுதலாம்.

தேதியில் இன்னொரு ஆபத்து. 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் வம்பில்லை.

அறை உறுதிக் கடிதத்தில் பெயர், வரும் நாள், போகும் நாள், அறை வகை, எத்தனை பேர், வாடகை, வரி, முன்பணம், ரத்து விதி எல்லாம் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் திட்டத்தைச் சுருக்கெழுத்தில் விடாமல் விளக்க வேண்டும். இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டியும் சேரும், எம்.ஏ.பி. என்றால் அதோடு ஒரு வேளைச் சாப்பாடு; ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இது புரியாமல் வந்து, பில்லைப் பார்த்துச் சண்டை போடுபவர்கள் உண்டு.

புகாருக்குப் பதில்

மிகக் கடினமான கடிதம் இதுதான். விடியற்காலை ரயிலுக்குப் போக வேண்டியவருக்கு வெந்நீர் வரவில்லை என்று புகார் வந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரி அவர் கோபத்தைக் கூட்டும். எழுத வேண்டிய வரிசை இது: தெரிவித்ததற்கு நன்றி, வெந்நீர் இல்லாமல் அவர் பட்ட சிரமத்தைக் குறிப்பிட்டு மன்னிப்பு, என்ன நடந்தது என்று இரண்டே வரி, இப்போது என்ன செய்திருக்கிறோம், மீண்டும் வர அழைப்பு. சக ஊழியர் பெயரைச் சொல்லிப் பழி போடக் கூடாது. மேலாளர் அனுமதியின்றிப் பணம் திருப்பித் தருவதாகவும் எழுதக் கூடாது.

நட்புக் கடிதம்

"நலம், நலமறிய ஆவல்" என்பது நம் மரபு. அதையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் பள்ளிக்கூட வாடை அடிக்கும். நண்பனுக்கு எழுதும்போது சேதியில் தொடங்கலாம். "கான்ட்", "டோன்ட்" என்ற பேச்சுச் சுருக்கங்களும் வரலாம். ஹோட்டல் கடிதத்தில் அவை வேண்டாம். பயிற்சி தந்த செஃபுக்கு நன்றி எழுதுவது இரண்டுக்கும் நடுவே வரும். "டியர் செஃப்" என்று தொடங்கி, அவரிடம் கற்றது எது என்று குறிப்பாக ஒன்றைச் சொன்னால் போதும். நாளை வேலைக்குப் பரிந்துரை கேட்கும்போது அவருக்கு முகம் நினைவு வரும்.

பெற்றோர் வீட்டிலேயே உதவலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு புகாரை நீங்கள் எழுதுங்கள், பிள்ளை பதில் எழுதட்டும். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக உடைக்கட்டும். அனுப்புமுன் பெயர், தேதி, தொகை மூன்றையும் மறுபடி பார்க்கட்டும். கூடவே, ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதமும் எழுதச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசித்து எழுதும் பழக்கம் அங்கேயும் வரும்.