இரண்டு பிளேடுகளுக்கு நடுவே

இளம்பிள்ளையில் சேலை எடுக்க வருகிறவர்கள், கடைக்குள் விரித்துப் பார்த்ததை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். கடை விளக்கின் வெள்ளையும் வெயிலின் வெள்ளையும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். எதனால் என்பதைக் கண் சொல்லாது. வந்து விழும் நிறங்களையெல்லாம் கூட்டி ஒரே விடையாகத் தருவது கண்ணின் வேலை. எதை எதோடு கூட்டியது என்று அது கணக்குக் காட்டுவதில்லை. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க ஒரு செருப்புப் பெட்டியும் பழைய சிடியும் போதும் என்று சென்ற வாரம் பார்த்தோம். சிடியின் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்கு 625 தடங்கள். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி என்ற வகையில் அது குறைந்ததல்ல. ஆனாலும் அந்தப் பெட்டியைக் கருவியாக்குவது சிடி அல்ல, மறுமுனையில் இரண்டு பிளேடுகளை நெருக்கி ஒட்டும்போது நடுவே விழும் பிளவுதான் என்பது என் வாதம்.

வரலாறு இதற்குச் சாட்சி. 1666 வாக்கில் நியூட்டன் சன்னல் கதவில் கால் அங்குல வட்டத் துளையிட்டு, வந்த வெயிலை முப்பட்டகத்தில் பிரித்தார். கிடைத்தது இடைவெளியே இல்லாத நிறப்பட்டை. ஒவ்வொரு நிறமும் சூரியனைத் தனித்தனி வட்டமாக வரைய, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஏதேனும் ஒரு நிறம் இல்லாமல் போயிருந்தாலும் பக்கத்து வட்டங்கள் அந்த இடத்தை மூடிவிட்டிருக்கும். 1802இல் வொல்லாஸ்டன் ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு அகலப் பிளவை முப்பட்டகம் வழியே பார்த்தார். நிறங்களுக்கு நடுவே கருங்கோடுகள் தெரிந்தன. 1814இல் ஃபிரான்ஹோபர் தொடங்கிய ஆய்வில் அவை ஐந்நூறுக்கும் மேலாயின. ஃபிரான்ஹோபரிடம் உயர்ந்த கண்ணாடியும் தொலைநோக்கியும் இருந்தன, அதுதானே காரணம் என்று கேட்கலாம். நியூட்டனும் பின்னர் குறுகிய பிளவை வைத்துப் பார்த்தவர்தானே என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். நியூட்டன் காலத்துக் கண்ணாடியில் இழையோட்டம் அதிகம், அவர் பார்த்ததும் தாளில் விழுந்த பிம்பத்தை. ஆகவே பிளவு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வொல்லாஸ்டனிடம் தொலைநோக்கி இல்லை. உலகின் சிறந்த முப்பட்டகத்துக்கு முன்னாலும் அகன்ற துளையை வைத்தால் கோடுகள் கரைந்துபோகும்.

சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒருவர் இரவில் தெருவில் நின்று இதை மறுக்கக்கூடும். பெட்டியும் வேண்டாம், பிளவும் வேண்டாம்; தூரத்துத் தெருவிளக்கை வெறும் சிடியில் பார்த்தாலே நிறங்கள் பிரிகின்றனவே என்பார். பிரியும்தான். தூரத்தால் விளக்கு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது; அதுவே தனக்குப் பிளவு. அதே விளக்கின் அடியில் போய் நின்று பார்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பும். 1898 ஜனவரி 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது இந்தியா வந்திருந்த ஜான் எவர்ஷெட், சூரிய விளிம்பு மெல்லிய வில்லாக மிஞ்சும் அந்தச் சில நொடிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். அங்கே அந்த வில்தான் பிளவு. அவரே 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் பிளவைச் சூரியப் புள்ளி ஒன்றின் குறுக்கே வைத்தபோது, வரிகள் நேராக நிற்காமல் இடம்பெயர்ந்திருந்தன. புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர்.

அப்படியானால் பிளவைக் குறுக்கிக்கொண்டே போகலாமா? போகலாம், வெளிச்சம் இருக்கும்வரை. முப்பது சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு மில்லிமீட்டர் பிளவு, ஏறத்தாழ ஐந்து நானோமீட்டருக்குள் அடங்கும் நிறங்களை ஒன்றாக்கிவிடும். கால் மில்லிமீட்டர் என்றால் அது ஒன்றரைக்குள் வரும். அதற்குமேல் நெருக்கினால் படம் இருண்டுபோகும், பிளேடு விளிம்பில் ஒட்டிய தூசுகூடக் குறுக்குக் கோடாகத் தெரியும். கால் மில்லிமீட்டரில் நிறுத்துவது நல்லது. இப்போது எல்இடி விளக்கைப் பாருங்கள். 450 நானோமீட்டரை ஒட்டிப் பளிச்சென்று ஒரு நீலம், அடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்புவரை அகன்ற பட்டை. கடைக்கோடிச் சிவப்பு தேய்ந்திருக்கும். அரக்குச் சேலை வாசலுக்கு வந்ததன் காரணம் அங்கே இருக்கிறது. பழைய சிஎஃப்எல் விளக்கு ஒன்று கிடைத்தால் தனித்தனி வரிகளே தெரியும், அதில் 436இல் நிற்கும் நீலம் பாதரசத்தினுடையது.

வெயிலைப் பார்க்கப் பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. வெயில் விழும் வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். பச்சையின் நடுவே ஒரு மெல்லிய கருங்கோடு தெரியும். சூரியனின் மேற்பரப்பில் இருக்கும் மெக்னீசியம் விழுங்கிய ஒளி அது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லில் இருக்கும் அதே மெக்னீசியம். உண்மையில் அங்கே மூன்று கோடுகள்: 516.7, 517.3, 518.4. முதலிரண்டுக்கும் இடைவெளி 0.6 நானோமீட்டர்தான், செருப்புப் பெட்டிக்கு அது எட்டாது. பெட்டிக்குப் பதில் நீண்ட பிவிசி குழாயும், சிடிக்குப் பதில் தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்த டிவிடியும் வைத்தால் பிரிகிறதா என்று அடுத்த வாரம் பார்க்கலாம். பிளேடுகள் அதே இரண்டுதான்.